சான்றிதழ் எதற்குச் சான்று?

(செய்நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியும் அதற்குரிய பரீட்சையும்)

பரீட்சையும் சான்றிதழும் எம் நாட்டுக் கல்விக்குப் புதியன அல்ல. கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சைக்கும் இலண்டன் மற்றிக்குலேசன் பரீட்சைக்கும் எம் முன்னோர் கண்விழித்துப் படித்த காலம் ஒன்று இருந்தது. கடல் கடந்த நாட்டில் ஆக்கப்பெற்ற வினாத்தாள் இங்குள்ள மாணவன் ஒருவனின் வாழ்க்கைப் போக்கையே நிர்ணயித்தது. அப்பரீட்சைகள் மறைந்து வேறு பரீட்சைகள் தோன்றின. எனினும் சான்றிதழைக் கையில் வாங்குவோரும், அதனைக் கண்டு வேலை கொடுப்போரும் கேட்கவேண்டிய வினா இன்றும் ஒன்றே: இத்தாள் எதற்குச் சான்று கூறுகின்றது? எதற்குக் கூறாது விடுகின்றது?

அண்மையில் தோன்றிய சான்றிதழ் ஒன்றை எடுத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினிக்குரிய செய்நிரல்களை மனிதன் எழுதும்போது அருகிலிருந்து உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று பல உள. அவற்றுள் ஒன்று கிற்ஹப் கோபைலற். அதனைக் கையாளத் தெரிந்தவர் என்று ஒருவருக்குச் சான்று வழங்கும் பரீட்சையும் உண்டு. கணினித் துறையை நாடும் எம் மாணவர் இதற்குப் பணமும் காலமும் செலவிடலாமா என்பதை அவர்களும், அவர்களை வழிநடத்தும் ஆசிரியரும் பெற்றோரும் அறிந்து முடிவு செய்தல் நன்று.

கருவி பிறந்த வரலாறு

கணினி தானாகச் சிந்திப்பதில்லை. இட்ட கட்டளையை இட்டபடி செய்யும் பொறி அது. அக்கட்டளைத் தொகுதியையே செய்நிரல் என்கிறோம். ஆதியில் கட்டளைகளை இலக்கங்களாகவே எழுதவேண்டியிருந்தது. அது மிகக் கடினமும் பிழைக்கு இடந்தருவதுமான வேலை. 1952 ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான கிறேஸ் ஹொப்பர் அம்மையார், ஆயத்தமாயுள்ள கட்டளைத் தொகுதிகளைக் கணினியே எடுத்துக் கோத்துக்கொள்ளும் முறையொன்றை ஆக்கினார். 1957 இல் ஜோன் பக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் போட்ரான் என்னும் மொழியை வெளியிட்டனர். கணிதச் சூத்திரம் போன்ற வடிவில் மனிதன் எழுத, அதனைப் பொறிக்குரிய இலக்கங்களாகக் கணினியே மொழிபெயர்த்துக்கொண்டது. பொறி ஆக்கிய கட்டளைகள் கையால் எழுதியவற்றுக்கு நிகராக இயங்குமா என்று அக்கால நிரலாளர் பலர் ஐயுற்றனர். சில ஆண்டுகளில் அவ்வையம் நீங்கிற்று.

இன்றைய உதவிக் கருவிகளை மேற்படி மொழிபெயர்ப்புக் கருவிகளின் அடுத்த படி என்று கூறுவோர் உளர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் முக்கியமான வேறுபாடொன்றை மறத்தல் கூடாது. போட்ரான் போன்ற மொழியின் விதிகள் திட்டமானவை. ஒரு வரிக்கு ஒரே பொருள்தான். இன்று மொழிபெயர்த்தாலும் நாளை மொழிபெயர்த்தாலும் பொருள் மாறாது. கோபைலற் போன்ற கருவிக்கு நாம் இடுவதோ ஆங்கிலத்திலோ தமிழிலோ அமைந்த ஒரு வேண்டுகோள். மனித மொழியில் உள்ள வேண்டுகோளுக்குப் பல பொருள் கொள்ளலாம். கருவி அவற்றுள் ஒன்றை ஊகித்து விடை தருகின்றது. அதே வேண்டுகோளை மறுமுறை இட்டால் வேறோர் விடை வருதலும் கூடும்.

இவ்வூகம் எவ்வாறு நிகழ்கின்றது? பெருந்தொகையான செய்நிரல்களும் உரைநடையும் கருவிக்குப் பயிற்சியாக ஊட்டப்பட்டுள்ளன. எழுத்தைச் சிறு சிறு சொற்றுண்டுகளாகப் பிரித்து, இதுவரை வந்த துண்டுகளுக்குப் பின் எத்துண்டு வருதல் பொருத்தம் என்று அது கணிக்கின்றது. ஒன்றைத் தெரிந்து சேர்த்து மீண்டும் கணிக்கின்றது. இவ்வகைக் கணிப்புக்கு இன்று அடிப்படையாயுள்ள அமைப்பைக் கூகிள் நிறுவன ஆய்வாளர் 2017 இல் வெளியிட்டனர். அதன்வழி வளர்ந்த கோடெக்ஸ் என்னும் மாதிரியை ஓப்பின் ஏ.ஐ. நிறுவனம் 2021 இல் ஆக்கியது. அதனை உள்ளீடாகக் கொண்டு கிற்ஹப் நிறுவனம் அதே ஆண்டு யூன் மாதம் கோபைலற்றை முன்னோட்டமாக வெளியிட்டு, 2022 யூன் மாதம் பொதுமக்கள் யாவர்க்கும் வழங்கத் தொடங்கியது. கிற்ஹப் என்பது 2008 இல் தொடங்கப்பெற்ற, செய்நிரல்களைச் சேமித்துப் பலர் கூடி எழுத உதவும் நிறுவனம். 2018 இல் மைக்கிரோசொவ்ற் நிறுவனம் அதனை 750 கோடி டொலருக்கு வாங்கிற்று.

கோபைலற் என்ற சொல்லுக்குத் துணை விமானி என்பது பொருள். விமானத்தில் துணை விமானியும் பறப்பை நடத்துவார்; ஆயினும் தலைமைப் பொறுப்பு அவருடையதன்று. பெயரிட்டோர் இதனைக் கருதியே இட்டனர் போலும். தொடக்கத்தில் அக்கருவி நிரலாளர் எழுதத் தொடங்கியதை முடித்துக் காட்டும் அளவில் நின்றது. பின்னர் வினாவுக்கு விடை கூறவும், எழுதியதை விளக்கவும் கற்றது. 2025 ஆம் ஆண்டில், ஒரு பணியை ஒப்படைத்தால் பல கோப்புகளைத் தானே திருத்திச் சோதனைகளையும் இயக்கிப் பார்க்கும் நிலைக்கு வளர்ந்தது. துணை விமானியின் கை நீள நீளத் தலைமை விமானியின் விழிப்பும் நீளவேண்டும் என்பதை எளிய உதாரணங்களால் விளக்குவோம்.

இரண்டு உதாரணங்கள்

ஓர் ஆண்டு நெட்டாண்டா என்று கண்டுபிடிக்கும் செய்நிரல் வேண்டும் என வைத்துக்கொள்வோம். நான்கால் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு. ஆனால் நூற்றால் வகுபடும் ஆண்டு நானூற்றாலும் வகுபட்டாலன்றி நெட்டாண்டு ஆகாது. ஆகவே 2000 நெட்டாண்டு, 1900 அன்று. உலகெங்கும் எழுதப்பட்ட பழகிய கணக்கு இது. கருவிக்கு இதில் நல்ல பயிற்சி உண்டு. பெரும்பாலும் சரியாகவே எழுதித் தரும். நான்கால் வகுத்துப் பார்ப்பதோடு நின்றுவிடும் செய்நிரல் ஒன்று தரப்பட்டால், 2023, 2024 ஆகிய ஆண்டுகளைக் கொண்டு சோதிப்பவன் பிழையைக் காணமாட்டான். 1900 ஐக் கொடுத்துச் சோதிப்பவனே காண்பான். எந்த இலக்கத்தைக் கொடுத்துச் சோதிப்பது என்ற அறிவு பாடத்தை அறிந்தவனுக்கே உரியது.

இனி, பாடசாலையொன்றில் தவணைப் பரீட்சைப் புள்ளிகளின் சராசரியைக் கணிக்கும் செய்நிரலைக் கருதுவோம். ஒரு மாணவன் மூன்று பாடங்களில் 80, 70, 90 புள்ளிகள் பெற்றான். நான்காம் பாடத்தின் அன்று காய்ச்சலால் வரவில்லை. வராமையைச் சுழியம் என்று கொண்டால் அவன் சராசரி 60. அப்பாடத்தை விலக்கிக் கணித்தால் 80. இரண்டில் எது சரி என்பதைக் கணிதம் கூறாது. அப்பாடசாலையின் விதியே கூறவேண்டும். அவ்விதியைக் கருவியிடம் சொல்லாவிடின், அது இரண்டில் ஒன்றைத் தானே தெரிந்து எழுதிவிடக்கூடும். எதனை எழுதினாலும் செய்நிரல் தடையின்றி ஓடும். தாளில் அழகிய அட்டவணையும் வரும். வகுப்பில் அம்மாணவனின் நிலை மட்டும் மாறியிருக்கும்.

இதனிலும் நுட்பமான ஆபத்தொன்று உண்டு. சோதனைகளையும் அக்கருவியையே எழுதச் சொன்னால், தான் முன்பு கொண்ட ஊகத்துக்கு ஒத்த சோதனைகளையே அது எழுதக்கூடும். விடை எழுதியவனே புள்ளியும் இடுவது போன்றது அது. ஆதலால் எது சரியான விடை என்பதை முன்னரே தாளில் எழுதிவைத்து, அதனோடு ஒப்பிட்டு நோக்கும் கடமை மனிதனுக்கே உரியதாகின்றது.

பரீட்சையின் அமைப்பு

கிற்ஹப் நிறுவனம் தன் சான்றிதழ்ப் பரீட்சைகளை 2024 இல் யாவர்க்கும் திறந்துவிட்டது. பின்னர் அவ்வரிசையில் கோபைலற்றுக்குரிய பரீட்சையும் சேர்ந்தது. அதன் குறியீடு ஜீ.எச். 300 என்பதாகும். கண்காணிப்பின் கீழ் நடைபெறும் அப்பரீட்சையைத் தகுந்த கணினியும் இணைய இணைப்பும் உள்ளவர் வீட்டிலிருந்தும் எழுதலாம். 100 நிமிடம் அளிக்கப்படும். 1000 புள்ளி கொண்ட அளவுகோலில் 700 பெற்றவர் சித்தியெய்துவர். கட்டணம் ஐக்கிய அமெரிக்காவில் 99 டொலர். நாட்டுக்கு நாடு இது வேறுபடக்கூடும். எம் நாட்டு நாணயத்தில் எண்ணும்போது அது சிறு தொகையன்று. ஆங்கிலத்திலும் வேறு சில மொழிகளிலும் வினாத்தாள் உண்டு, தமிழில் இல்லை. பெறும் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் உரியதன்று. குறித்த காலத்தின் பின் அதனைப் புதுப்பிக்கவேண்டும்.

2025 இல் வழங்கிய பாடத்திட்டம் ஏழு பிரிவுகளைக் கொண்டது. செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புடன் கையாளுதல் என்பதற்கு 7 சதவீதம். கோபைலற்றின் சந்தாத் திட்டங்களும் வசதிகளும் என்பதற்கு 31 சதவீதம். கருவி இயங்கும் முறையும் அது தரவுகளைக் கையாளும் முறையும் 15 சதவீதம். வேண்டுகோளைச் செவ்வனே அமைத்தல் 9 சதவீதம். நிரலாளர் தம் பணியில் இக்கருவியைப் பயன்படுத்தும் துறைகள் 14 சதவீதம். சோதனை எழுதுவதில் கருவியின் பயன் 9 சதவீதம். இரகசியம் பேணலும் சில கோப்புகளைக் கருவியின் பார்வையிலிருந்து விலக்கலும் 15 சதவீதம்.

இவற்றுள் சில பிரிவுகள் உண்மையில் பயனுடையவை. கருவி தரவுகளைக் கையாளும் முறையை எடுத்துக்கொள்வோம். நாம் திறந்துவைத்த கோப்பின் பகுதிகளும் நம் வேண்டுகோளும் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பப்பட்டே விடை பெறப்படுகின்றது. இதனை அறியாதவன் வாடிக்கையாளரின் பெயர்ப்பட்டியலையோ கடவுச்சொல்லையோ தன் கோப்பில் விட்டுவைத்து அதனையும் சேர்த்து அனுப்பிவிடுவான். நிறுவனங்களுக்குரிய சந்தாவில், எக்கோப்புகளைக் கருவி பார்த்தல் கூடாது என்று நிருவாகி விதிக்க வழியுண்டு. கருவி தரும் வரிகள் கிற்ஹப்பில் யாவரும் காண உள்ள வேறொருவர் செய்நிரலோடு ஒத்திருப்பின் அவற்றைத் தடுக்கும் வடிகட்டியும் உண்டு. ஏறத்தாழ 150 எழுத்து அளவிலான பகுதியை அது ஒப்பிட்டு நோக்கும். பிறர் எழுதிய செய்நிரலைக் கொண்டு கருவியைப் பயிற்றுவித்தமை பற்றி நிரலாளர் சிலர் 2022 நவம்பரில் கலிபோர்னியாவில் வழக்கும் தொடுத்தனர். இவற்றை அறிந்து பணிபுரிபவனுக்கும் அறியாது பணிபுரிபவனுக்கும் பெரும் வேறுபாடு உண்டு.

வேண்டுகோளை அமைத்தலும் கற்கத்தக்கதே. வேண்டியது யாது, தரப்படும் தரவு யாது, விலக்கு எவை, எதிர்பார்க்கும் விடையின் மாதிரி யாது என்று பிரித்துக் கூறுபவனுக்கு நல்ல விடை கிடைக்கும். மேலே கூறிய புள்ளிக் கணக்கில், வராத பாடத்தை விலக்கிக் கணிக்க என்று ஒரு வரி சேர்த்தால் பாதிக் குழப்பம் தீரும். தெளிவாக எழுதப் பழகியவன் இதில் முந்துவான். மொழிப்பாடத்தைக் குறைவாக எண்ணும் கணித மாணவர் இதனைக் கவனிப்பாராக.

எனினும் மேற்காட்டிய பங்கீட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எச்சந்தாவில் எவ்வசதி உண்டு என்பது போன்ற விற்பனைப் பொருளறிவைச் சார்ந்தது. சோதனை பற்றிய பிரிவு பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. வினாக்களும் பெரும்பாலும் தரப்பட்ட விடைகளுள் பொருத்தமானதைத் தெரியும் வகையின. பிழையுள்ள செய்நிரலொன்றைக் கையில் கொடுத்து, இதனைத் திருத்தி இயக்கிக் காட்டுக என்று கேட்கும் செயன்முறைப் பரீட்சை அன்று இது. சந்தாத் திட்டங்களும் வசதிகளும் அடிக்கடி மாறுவன. இன்று மனனஞ் செய்தது அடுத்த ஆண்டு பழங்கதையாகும். 1900 நெட்டாண்டு அன்று என்பது மாறப்போவதில்லை.

ஆய்வுகள் கூறுவன

கருவியால் பயன் உண்டா என்பதற்கு ஆய்வாளர் தேடிய விடைகள் ஒருமுகமானவை அல்ல. கோடெக்ஸ் மாதிரியை ஆக்கியோர் 2021 இல் 164 கணக்குகளைக் கொடுத்து அதனைச் சோதித்தனர். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடை கேட்டபோது 28.8 சதவீதமானவற்றுக்கே சரியான செய்நிரல் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் நூறு விடை பெற்று, அவற்றுள் ஒன்றாவது சரியா என்று பார்த்தபோது அது 70 சதவீதத்தைத் தாண்டிற்று. சரியானது கூட்டத்துள் இருந்தது. அதனைப் பொறுக்கியெடுக்கும் சோதனையே தேவைப்பட்டது. அதன்பின் வந்த மாதிரிகள் பெரிதும் முன்னேறிவிட்டன. பொறுக்கியெடுக்கும் தேவை மட்டும் நீங்கவில்லை.

அதே ஆண்டு நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர், பாதுகாப்புக் குறைபாடு நேரக்கூடிய 89 சூழ்நிலைகளை அமைத்து, கோபைலற் எழுதிய 1,689 செய்நிரல்களை ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழ 40 சதவீதமானவை தீயோர் உட்புக இடந்தரும் குறைபாடு உடையனவாய் இருந்தன. மனிதர் எழுதிய குறைபாடுள்ள செய்நிரல்களைப் படித்து வளர்ந்த கருவி அக்குறைபாட்டையும் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

வேகத்தைப் பற்றி இரு ஆய்வுகளை ஒப்பிடுதல் தகும். மைக்கிரோசொவ்ற், கிற்ஹப் ஆகிய நிறுவனங்களைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர் 2022 இல் 95 நிரலாளரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினர். ஜாவாஸ்கிரிப்ற் மொழியில் சிறு இணையப் பணிப்பொறி ஒன்றை எழுதுதல் பணி. கருவி பெற்றோர் சராசரி 71 நிமிடத்திலும், பெறாதோர் 161 நிமிடத்திலும் முடித்தனர், அதாவது, 55.8 சதவீத நேரம் மிஞ்சியது. கருவியை விற்போரும் ஆய்வில் பங்குபற்றினர் என்பதை வாசகர் மனத்திருத்துக.

மீற்றர் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2025 இல் வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. அனுபவமிக்க 16 நிரலாளர், தாம் பல்லாண்டு பழகிய பெரிய செய்நிரல்களில் 246 பணிகளைச் செய்தனர். சில பணிகளில் இவ்வகைக் கருவிகளைப் பயன்படுத்த அனுமதி உண்டு, சிலவற்றில் இல்லை. கருவியால் 24 சதவீத நேரம் குறையும் என்று அவர்கள் முன்கூட்டி மதிப்பிட்டனர். பணி முடிந்தபின், 20 சதவீதம் குறைந்தது என்று நம்பினர். கடிகாரம் காட்டியதோ 19 சதவீதம் கூடுதல். அக்கால மாதிரிகளைக் கொண்டு செய்த ஆய்வு ஆதலின், இன்றைய கருவிகளுக்கு அதே எண்ணைப் பொருத்துதல் முறையன்று. ஆயினும் கைதேர்ந்தோரும் தம் வேகத்தைத் தாமே தவறாக மதிப்பிட்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

இரு முடிவுகளையும் முரண் என்று தள்ளவேண்டியதில்லை. முன்னையது புதிதாகத் தொடங்கிய சிறு பணி. எங்கும் எழுதப்பட்ட பழகிய வகையைச் சேர்ந்தது. பின்னையது எழுதாத விதிகள் பல நிறைந்த பழைய பெரும் பணி; அங்கே கருவியின் விடையைப் படித்து, ஒத்துப்பார்த்து, திருத்துவதற்கே காலம் சென்றது. நெட்டாண்டுக் கணக்கும் தவணைப் புள்ளிக் கணக்கும் காட்டிய வேறுபாடே இங்கும் காணப்படுகின்றது.

கற்கும் முறை

இப்பரீட்சைக்கு ஆயத்தம் செய்ய விரும்பும் மாணவருக்குச் சில கூறுவோம்.

முதலாவதாக, பைதன் போன்ற ஒரு மொழியைக் கருவியின் துணையின்றிக் கற்றுக்கொள்க. சிறு செய்நிரல்களைத் தானே எழுதவும், பிறர் எழுதியதைப் படித்து ஒவ்வொரு வரியின் பயனையும் கூறவும் வல்லவனாதல் வேண்டும். நீந்தத் தெரியாதவனுக்குத் தோணி உதவும். தோணி கவிழ்ந்தால் நீச்சலே உதவும்.

இரண்டாவதாக, அதிகாரபூர்வமான பாடத்திட்டத்தையும், மைக்கிரோசொவ்ற் நிறுவனம் கட்டணமின்றி வழங்கும் பாடங்களையுமே முதல்நூலாகக் கொள்க. விடைகளை மனனஞ் செய்யத் தரும் விற்பனைத் தொகுப்புகளை நாடற்க. பாடத்திட்டம் இடையிடையே மாறும் ஆதலின், கையிலுள்ள குறிப்பு எக்காலத்தது என்பதையும் பார்த்துக்கொள்க.

மூன்றாவதாக, கருவியை நாள்தோறும் பயன்படுத்திப் பழகுக. 2024 டிசெம்பரில் கோபைலற்றுக்கு அளவுடன் கூடிய கட்டணமற்ற திட்டமொன்று அறிமுகமாயிற்று. பழகும்போது குறிப்புப் புத்தகம் ஒன்றை வைத்திருத்தல் நன்று. இட்ட வேண்டுகோள் யாது, வந்த விடை யாது, அதில் கண்ட பிழை யாது, எச்சோதனை அப்பிழையைக் காட்டிற்று என்று நான்கு நிரலில் எழுதிவருக. சில மாதங்களில் அப்புத்தகம் எந்தப் பாடநூலினும் மேலான ஆசானாகும்.

நான்காவதாக, கருவியை அழைக்குமுன் எதிர்பார்க்கும் விடைகளைக் கையால் எழுதிவைக்க. சாதாரண உதாரணம் இரண்டும், எல்லையிலுள்ள உதாரணம் இரண்டும், பிழையான தரவு ஒன்றும் இருப்பின் தொடக்கத்துக்குப் போதும். ஐந்தாவதாக, நேரத்தைக் கடிகாரத்தால் அளக்க. விரைந்து முடித்தோம் என்ற எண்ணம் சான்றாகாது என்பதை மேற்கூறிய ஆய்வே காட்டிற்று.

ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. மாணவன் கொண்டுவரும் செய்நிரலை அவனே எழுதினானா, கருவி எழுதிற்றா என்று துப்பறிவதில் காலம் போக்குவதினும், அவனை அருகே அழைத்து மூன்று காரியம் செய்யச் சொல்லுதல் பயனுடையது. இந்த வரியை விளக்குக. இந்த விதியை மாற்றினால் எங்கே திருத்துவாய் என்று காட்டுக. யாம் வேண்டுமென்று புகுத்திய இப்பிழையைக் கண்டுபிடிக்க. மூன்றும் செய்ய வல்லவன் எக்கருவியைப் பயன்படுத்தினும் கற்றவனே. அவற்றைச் செய்யமாட்டாதவனுக்கு இன்னும் பாடம் நடத்தவேண்டும்.

சான்றிதழின் மதிப்பு

இனி முதல் வினாவுக்கு மீள்வோம். இச்சான்றிதழ் எதற்குச் சான்று? கருவியின் வசதிகளை ஒருவர் அறிவார். அதன் இயக்கத்தைப் பொதுவாக உணர்ந்தவர். எதனை அனுப்பலாம், எதனை அனுப்பலாகாது என்ற எச்சரிக்கையைப் படித்தவர். ஒரு பாடத்திட்டத்தை முடித்துக் கண்காணிப்பின் கீழ் சித்தியடையும் ஒழுங்குடையவர். இவ்வளவுக்கும் அது சான்று கூறும். முகமறியாத ஒருவரின் விண்ணப்பத்தை நோக்கும் நிறுவனத்துக்கு இவ்வளவும் பயன்தரும். தூரத்து ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் இளைஞன் ஒருவனுக்கு, பிறரோடு ஒரே அளவுகோலில் நின்று தன்னைக் காட்டும் வாய்ப்பாகவும் அது அமையலாம்.

எதற்கு அது சான்று கூறாது? அவர் செய்நிரல் எழுத வல்லவர் என்பதற்கு அது சான்றன்று. கருவி தந்த விடையில் மறைந்துள்ள பிழையைக் காண்பார் என்பதற்கும் அன்று. காய்ச்சலால் வராத மாணவனை நினைத்துப் பார்த்து, இவ்விதியை யாரிடம் கேட்டறிதல் வேண்டும் என்று நின்று கேட்பார் என்பதற்கும் அன்று. இவை மூன்றும் இல்லாதவர் கையில் கருவியின் வேகம் பிழையின் வேகமாகவே முடியும்.

ஆதலால், கணினித் துறையில் ஏற்கெனவே பயின்றுள்ளவரும், தாம் சேரவிரும்பும் நிறுவனம் இக்கருவியைப் பயன்படுத்துகின்றது என்று அறிந்தவரும் இப்பரீட்சையை எழுதுதல் தகும். செய்நிரலின் அரிச்சுவடியை இப்பொழுதுதான் எடுத்தவர் அக்கட்டணத்தை ஒரு நல்ல பாடநூலுக்கும், பழைய கணினி ஒன்றைச் செப்பஞ் செய்வதற்கும் செலவிடுதல் மேல். வீட்டில் ஒருவருக்கு மட்டுமே பணம் உண்டு, மூத்தவன் எழுதுவதா இளையவன் எழுதுவதா என்று பெற்றோர் கேட்பின், யார் முன்னதாகக் கருவியின்றி ஒரு முழுச் செய்நிரலை எழுதி முடிக்கிறாரோ அவரை அனுப்புக என்று கூறுதலே முறை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு அந்தக் குறிப்புப் புத்தகத்தையும், தான் எழுதிச் சோதித்த ஒரு செய்நிரலையும் மாணவன் எடுத்துச் செல்வானாக. சான்றிதழ் அவன் படித்ததைக் கூறும். மற்றவை அவன் எவ்வாறு சிந்திக்கிறான் என்பதைக் காட்டும். விளங்கக் கேட்கும் அதிகாரி சான்றிதழை ஒருமுறை பார்த்துவிட்டுப் புத்தகத்தையே புரட்டுவார்.

நாளை மருத்துவமனையின் மருந்துக் கணக்கையும், வங்கியின் வட்டிக் கணக்கையும், பரீட்சைப் பெறுபேற்றையும் ஆக்கும் செய்நிரல்களில் எம் மாணவர் பலரின் கை இருக்கும். அவற்றுள் பெரும்பகுதியைக் கருவிகளே எழுதவும் கூடும். பிழை நேர்ந்தவிடத்துக் கருவியை அழைத்து விசாரிப்பார் எவருமிலர். ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்டவரையே கேட்பர். ஒப்பமிடுமுன் ஒருமுறை 1900 ஐக் கொடுத்துப் பார்க்கும் பழக்கத்தை இக்கல்லூரி வகுப்பறையிலேயே பழகிச் செல்வார்களாயின், எப்பரீட்சையின் சான்றிதழும் அவர் கையில் பெறுமதி உடையதாகும்.